நெஞ்சில் நின்ற கவளம்

எங்கள் ராசிங்காபுரத்தை நீங்கள் பார்த்திருக்க நியாயமில்லை. போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற சாலையில், மேற்கு மலைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஊர். மலைக்கு அந்தப் பக்கம் மழை. இந்தப் பக்கம் காற்று. மலையின் தலையில் ஏலக்காய் விளைகிறது. அதன் காலடியில் நாங்கள் இருக்கிறோம். விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி மேலே போய், இருட்டியதும் இறங்கி வருகிற ஜனங்கள். சோளமும் கேழ்வரகும் நிலக்கடலையும் எங்கள் பூமிக்குத் தெரிந்த பயிர்கள். ஏலக்காயை நாங்கள் கையால் அளைந்திருக்கிறோமே தவிர, பாயசத்தில் போட்டு அறிந்தது அபூர்வம்.

என் அப்பத்தா இளமையில் மலைத் தோட்டங்களில் களையெடுத்தவள், காய் பறித்தவள். இடுப்பு வளையாத காலம் வந்ததும், போடியில் ஒரு கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்கப் போனாள். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று அவள் விரல்கள் தாமாகவே பிரித்துப் போடும். சாயங்காலம் வீடு திரும்பினால் அவள் முந்தானை முழுவதும் ஏலக்காய் மணக்கும். அந்த முந்தானைக்குள் அவளுக்குச் சர்க்கரை வியாதியும் இருந்தது.

நான் சொல்ல வந்தது 1994-ஆம் வருஷத்துச் சங்கதி. எனக்கு அப்போது பதினாலு வயது. அப்பத்தாவுக்கு வியாதி வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வரிசையாக உட்காருவோம். அப்பத்தா கும்பாவில் களியை வைத்துக்கொண்டு இரண்டு வாய் விழுங்குவாள். மூன்றாவது வாயில் கை நின்றுவிடும். நடு நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள்.

"நிக்குதப்பா... நெஞ்சுக்குள்ள வந்து நிக்குது. எந்திரிச்சு நின்னாத்தான் எறங்குது."

சொல்லிவிட்டுக் கும்பாவோடு எழுந்து போய்த் திண்ணைத் தூணில் சாய்ந்து நின்றுகொள்வாள். ஒரு வாய் களி, ஒரு மடக்கு வெந்நீர். இப்படி அரை மணி நேரம் சாப்பிடுவாள்.

திண்ணை தெருவைப் பார்த்தது. தெரு திண்ணையைப் பார்த்தது. நாலு நாள் பார்த்த பிறகு தெருவுக்கு வாய் முளைத்தது. "மருமக உக்காத்திவச்சுச் சோறு போட மாட்டா போல, கெழவி நின்னுக்கிட்டுத் திங்குது" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அம்மா அன்றைக்குக் குடத்தைப் பாதி நிரப்பியபடியே திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "அத்தை, நான் ஒங்களுக்கு என்ன கொறை வச்சேன்? இப்படி நின்னு தின்னு என் மானத்த வாங்குறீங்களே" என்றாள். அப்பாவுக்கும் கோபம் வந்துவிட்டது. அன்று ராத்திரி அப்பத்தா கும்பாவோடு எழுந்தபோது அப்பா என்னைப் பார்த்தார். "டேய், அவள உக்கார வையி."

அவள் இரண்டு தோள்களையும் பிடித்து அழுத்தி உட்கார வைத்தவன் நான்தான். எதிர்ப்பே இல்லாமல் உட்கார்ந்தாள். தோளெலும்பு என் உள்ளங்கையில் உறுத்தியது இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை; இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டாள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஒரு டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, "வயசுதான்" என்றார். பிறகு பெரிய ஊருக்குக் கூட்டிப் போய் உள்ளே குழாய் விட்டும் பார்த்தார்கள். "பாதை சுத்தமாயிருக்கு. ஒண்ணுமில்லை. மனசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்ற அந்தச் சீட்டு எங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பைப் போல நின்றது. அப்பத்தா 1996-ல் காலமானாள்.

இதை இத்தனை காலம் கழித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாற்பது வயதில் பாட்டியின் சொத்து எனக்கும் வந்து சேர்ந்தது. நிலமாகவோ நகையாகவோ அல்ல, சர்க்கரையாக. போன வருஷம் மதுரையில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். காலில் மரப்பு உண்டா, கண் மங்குகிறதா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தவர், எழுதுவதை நிறுத்தாமலே, "சாப்பிடும்போது நெஞ்சிலே எங்கேயாவது நிற்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு அப்படி ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரவேண்டிய கேள்வி அல்லவா? முப்பது வருஷம் தாமதமாக என்னிடம் வந்திருக்கிறது. வைத்தியர்களுக்கு இந்தக் கேள்வி எப்போது கேட்கத் தெரிந்தது? எப்போது பிறந்தது இது?

நான் பன்னிரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கதை எழுத வந்தவன். வைத்திய சாஸ்திரம் எனக்கு அந்நிய தேசம். ஆனாலும் ஒரு வருஷமாகத் தேடித் தேடிப் படித்தேன். அந்தக் கேள்வியின் ஜாதகத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம்முடைய சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நீரிழிவு. இழிதல் என்றால் கீழே இறங்குதல். நீர் ஓயாமல் இறங்குகிற நோய் என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். வெகு கூர்மையான கண்ணோடு வைத்த பெயர்தான். சரக சம்ஹிதை, நோயாளியின் உடம்பையும் சிறுநீரையும் நோக்கி எறும்பும் ஈயும் மொய்ப்பதை வரப்போகும் நோயின் அறிகுறியாகச் சொல்கிறது. சுசுருத சம்ஹிதை இன்னும் ஒரு படி மேலே போய், பிறவியிலேயே வருவது ஒன்று, தகாத உணவாலும் நடத்தையாலும் வருவது ஒன்று என்று நோயை இரண்டாகப் பிரித்தது. முதல் வகையினர் மெலிந்திருப்பார்கள், இரண்டாம் வகையினர் பருத்திருப்பார்கள் என்றும் குறித்தது. இன்றைய டாக்டர்கள் ஒன்றாம் வகை, இரண்டாம் வகை என்று சொல்லும்போது எனக்கு அந்தப் பழைய நூல்தான் ஞாபகம் வருகிறது.

ஆனால் பாருங்கள், எல்லாருடைய பார்வையும் கீழே இறங்குகிற நீரின் மேலேயே இருந்தது. மேலேயிருந்து இறங்கவேண்டிய சோறு இறங்குகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

மேல்நாட்டிலும் இதே கதைதான். லண்டனில் தாமஸ் வில்லிஸ் என்ற வைத்தியர் நோயாளிகளின் நீர் தேன்போல் இனிக்கிறது என்று எழுதினார். அவருடைய நூல் வெளிவந்தது 1674-ல். ருசி பார்த்துத்தான் எழுதினார் என்பதை நினைத்தால் அந்தக் காலத்து டாக்டர்கள் வாங்கிய பணம் தகும் என்றே தோன்றுகிறது. 1776-ல் லிவர்ப்பூலைச் சேர்ந்த மாத்யூ டாப்சன் அந்த நீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் தங்கியது சர்க்கரையேதான் என்று காட்டினார். ரத்தத்திலும் இனிப்பு இருக்கிறது என்று கண்டவர் அவர். எறும்புக்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது ஐரோப்பாவுக்கு ஒருவழியாகத் தெரிந்தது.

இனி இன்னொரு பாதை. தொண்டைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க மனிதன் பட்ட பாடு அது. இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைச் சந்திக்கிறோம். 1810-களில் லண்டன் மாநகரத்து மேடைகளில் ராமோ சாமி என்ற இந்தியர் கத்தியை விழுங்கிக் காட்டிக் கூட்டத்தைக் கதிகலங்க வைத்தார். அந்த அச்சுப் பிசகின் பின்னால் ஒரு ராமசாமி நிற்கிறார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. தலையை அண்ணாந்தால் வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் ஒரே நேர்கோட்டுக்கு வரும். பழகியவன் அதற்குள் ஒரு கத்தியை இறக்கலாம் என்பதை மேடையில் காட்டிய கலை அது.

கத்தி போகிற இடத்தில் குழாய் போகாதா? ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரத்தில் அடால்ஃப் குஸ்மௌல் என்ற டாக்டர் 1868-ல் ஒரு கத்தி விழுங்கியையே அழைத்து வந்து, அவன் தொண்டை வழியாக நேரான உலோகக் குழாயை இறக்கி உள்ளே பார்த்தார். வெளிச்சம் போதவில்லை, ஆனால் வழி திறந்துவிட்டது. என்னைத் திகைக்க வைத்தது இது அல்ல. இதே குஸ்மௌல்தான் 1874-ல், நீரிழிவு முற்றி நினைவிழந்து கிடக்கும் நோயாளிகள் விடுகிற ஆழமான, பெரிய மூச்சை வருணித்தவர். அந்த மூச்சு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. உணவுக்குழாயையும் பார்த்த கண்; நீரிழிவையும் பார்த்த கண். ஒரே தலைக்குள் இரண்டு அறைகள். நடுவில் கதவு இல்லை.

அந்தக் கதவு நரம்பு. 1849-ல் பாரீஸில் கிளாட் பெர்னார், முயலின் மூளையடியில் ஊசியால் குத்தி, அதன் நீரில் சர்க்கரை வரச்செய்தார். உடனே நரம்பு கெடுவதால்தான் நீரிழிவு வருகிறது என்று பலர் நம்பினார்கள். 1864-ல் மார்ஷல் த கால்வி என்ற பிரெஞ்சு வைத்தியர் விஷயத்தைத் தலைகீழாகத் திருப்பினார்: நரம்பு கெட்டு நீரிழிவு வருவது இருக்கட்டும், நீரிழிவினால் நரம்பு கெடுகிறது என்றார். அது சரியான பாதை. ஆனால் அந்தப் பாதையில் நடந்தவர்கள் நோயாளியின் காலைத்தான் பார்த்தார்கள். எரிச்சல், மரப்பு, குத்தல். விழுங்குவதற்கும் நரம்பு வேண்டும் என்பதை நினைக்கவில்லை.

விழுங்குவது என்றால் என்ன? சோறு கிணற்றில் கல் விழுவதுபோல் விழுகிறது என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இல்லை. தலைகீழாக நின்றுகொண்டு தண்ணீர் குடித்தாலும் அது இரைப்பைக்குப் போய்ச் சேரும். 1880-களின் தொடக்கத்தில் பெர்லினில் குரோனெக்கர் என்ற பேராசிரியரும் மெல்ட்ஸர் என்ற மாணவரும் இதை அளந்து பார்த்தார்கள். சின்ன ரப்பர்ப் பைகளைக் குழாயில் கட்டி மெல்ட்ஸர் தானே விழுங்கினார். பை எப்போது, எந்த ஆழத்தில் நெருக்கப்படுகிறது என்று பதிவு செய்தார்கள். சுருக்கம் மேலேயிருந்து கீழே ஓர் அலையாக வருவது தெரிந்தது.

அப்புறம் 1895 கடைசியில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே, அமெரிக்காவில் ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியில் முதல் வருஷ மாணவராக இருந்த வால்டர் கேனன், ஒரு வாத்தைப் பிடித்து அந்த ஒளிக்கு முன்னால் நிறுத்தினார். வாத்துக்குக் கழுத்து நீளம் அல்லவா? எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிகிற பிஸ்மத் உப்பைத் தீனியோடு கலந்து கொடுத்தார். உயிருள்ள கழுத்துக்குள் கவளம் மெல்ல மெல்ல இறங்குவதை மனிதக் கண் முதன்முதலாகப் பார்த்தது. கேனன் அதற்குக் கொடுத்த விலை பெரியது. அந்தக் கதிர்களே அவர் தோலைக் கெடுத்துப் பின்னாளில் நோயாளியாக்கின.

அவர்கள் கண்டதை எங்கள் ஊர்ப் பாஷையில் சொல்லட்டுமா? பால் கறக்கிறவர் காம்பை மேலே பிடித்துக் கீழே நீவுகிறார் பாருங்கள், அதுதான். உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம். கவளத்துக்கு மேலே குழாய் சுருங்கும், கீழே தளரும். அந்தச் சுருக்கம் செகண்டுக்கு மூன்று நாலு சென்டிமீட்டர் வேகத்தில் கீழே ஓடும். எட்டுப் பத்து செகண்டில் கவளம் இரைப்பை வாசலுக்கு வந்துவிடும். அந்த வாசலில் ஒரு காவல் வளையம் உண்டு. போடிமெட்டில் சோதனைச் சாவடி இருக்கிறதே, அதைப்போல. மற்ற நேரத்தில் மூடியிருக்கும். நீங்கள் விழுங்கிய மறுகணமே மேலேயிருந்து தகவல் போய்விடும். கவளம் பாதி வழியில் இருக்கும்போதே சாவடி திறந்து காத்திருக்கும். வண்டி போனதும் மூடிக்கொள்ளும். இரைப்பையின் புளிப்பு நீர் மேலே வராது.

தகவல் கொண்டுபோகிறது யார்? மூளையிலிருந்து கழுத்து, மார்பு, வயிறு என்று அலைந்து திரிகிற ஒரு நீண்ட நரம்பு. லத்தீனில் வேகஸ் என்று பெயர். அலைகிறவன் என்று அர்த்தம். அந்த நரம்பு எஸ்டேட் துரை மாதிரி, உத்தரவு அவனுடையது. குழாயின் சுவருக்குள்ளேயே பின்னியிருக்கிற நரம்பு வலை ஒன்று உண்டு; அது கங்காணி மாதிரி. வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்று பார்த்து வேலை வாங்குவது அது. துரையின் சத்தம் கேட்காவிட்டாலும், கங்காணி கண்ணயர்ந்தாலும், கூடை நடுவழியில் நின்றுவிடும்.

இப்படி இரண்டு பாதைகளும் தனித்தனியே நீண்டன. ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. அந்தக் காலத்தில், சிறு வயதில் கடும் நீரிழிவு வந்தவர்கள் நரம்பு கெடுகிற வரையில் பிழைத்திருக்கவில்லை.

1922 ஜனவரி 11. கனடாவில் டொரான்டோ நகரத்து ஆஸ்பத்திரியில் லெனார்டு தாம்ஸன் என்ற பதினாலு வயதுப் பையன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். ஃபிரெடரிக் பேன்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் தயாரித்திருந்த மருந்தை அன்று அவனுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். மருந்து சுத்தமாக இல்லை, பலன் சொற்பம். காலிப் என்ற ரசாயன நிபுணர் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்தபின், ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். பையன் எழுந்து உட்கார்ந்தான். 1935 வரையில் இருந்தான். இன்சுலின் என்ற அமிர்தம் உலகத்துக்கு வந்த கதை இது. அதைக் கண்டதற்காக 1923-ல் பேன்டிங்குக்கும், அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பேன்டிங் தம் பங்குப் பணத்தை பெஸ்டோடு பகிர்ந்துகொண்டார். மக்லியாடு காலிப்போடு பகிர்ந்துகொண்டார்.

பதினாலு வயதில் சாகவேண்டியவர்கள் முப்பது, நாற்பது, அறுபது என்று இருக்கத் தொடங்கினார்கள். ஆயுள் நீண்டபோது, அதுவரை ஒளிந்திருந்த வியாதியின் மறுபாதி வெளியே வந்தது. கண், சிறுநீரகம், கால், அப்புறம் குடல்.

1945-ல் அமெரிக்காவில் வெயின் ரண்டில்ஸ் என்ற டாக்டர், நீரிழிவால் நரம்பு கெட்ட 125 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். கால் மரப்போடு நிற்காமல் வயிற்றுத் தொல்லைகளையும் அதே கணக்கில் சேர்த்தார். 1958-ல் பால் கஸாண்டர் என்ற டாக்டர், நீரிழிவுக்காரர்கள் சிலருக்குச் சாப்பிட்டது இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது என்று கண்டு, அந்தச் சோம்பலுக்கு ஒரு பெயரும் வைத்தார். அந்த நோயாளிகள் தொல்லை என்று முறையிட்டுக்கொண்டவர்கள் கூட அல்ல. 1967-ல் மாண்டல்ஸ்டாம், லீபர் என்ற இருவர், நீரிழிவால் நரம்பும் குடலும் பாதிக்கப்பட்டவர்களின் உணவுக்குழாயை எக்ஸ்ரேயில் பார்த்து, அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார்கள். அலை பலவீனமாக இருக்கிறது. கவளம் தயங்கித் தயங்கி இறங்குகிறது என்றார்கள்.

1967! நான் பென்சிலால் அந்த வருஷத்தின் கீழே கோடு போட்டுவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பத்தா தூணில் சாய்ந்து நின்றதற்கு இருபத்தேழு வருஷம் முன்பே அது அச்சாகிவிட்டது.

அதற்குப் பிறகு தெரிந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் வருஷக்கணக்கில் சர்க்கரை மிகுந்திருந்தால், நரம்பும் கெடுகிறது. நரம்புக்கு உணவூட்டுகிற மயிரிழை ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. நீளமான நரம்புகளே முதலில் அடிபடுவதால் பாதம் முந்திக்கொள்கிறது, வேகஸும் தப்புவதில்லை. அலை சக்தி குறைகிறது. சில சமயம் பாதியில் அறுந்துபோகிறது. சில சமயம் ஒரே அலை ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு மூன்று திமில்களோடு ஒழுங்கற்று வருகிறது. சாவடி தளர்ந்து புளிப்பு நீர் மேலே ஏறி நெஞ்செரிச்சல் உண்டாகிறது. குழாயின் சுவரும் விறைத்துப்போகிறது. நரம்பு நன்றாக இருக்கிறவனுக்குக்கூடச் சர்க்கரை திடீரென்று ஏறினால் அந்த நேரத்துக்கு வாசல் வளையம் தளர்கிறது என்று 1990-களில் பரிசோதித்துக் காட்டினார்கள். இன்னொன்று: அலை கெட்டவர்கள் எல்லோருக்கும் தொல்லை தெரிவதில்லை. பலர் ஒன்றுமறியாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் டாக்டர்கள் தாமாகவே கேட்கவேண்டியிருக்கிறது.

"பாதை சுத்தமாயிருக்கு" என்றார்களே, அது பொய்யா? பொய்யல்ல. அதுதான் வேதனை. உள்ளே விட்டுப் பார்க்கிற வளையும் குழாய் 1957-ல் வந்தது. பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அமைத்தது. புண்ணையும் கட்டியையும் அடைப்பையும் கண்டுபிடிக்க அதற்கு இணை கிடையாது. ஆனால் அது சாலையைப் பார்க்கும், போக்குவரத்தைப் பார்க்காது. எங்கள் போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் பார்த்துவிட்டு, கல் இல்லை, சரிவு இல்லை, சாலை சுத்தம் என்று ஒருவர் சொல்லலாம். ஜீப் ஓட்ட டிரைவர் வரவில்லை என்பது சாலையைப் பார்த்தால் தெரியுமா? அதைக் காண, வரிசையாக அழுத்தமானிகள் பதித்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக இறக்கி, விழுங்கச் சொல்லி, ஒவ்வோர் அங்குலத்திலும் அழுத்தத்தை அளக்கவேண்டும். மெல்ட்ஸர் விழுங்கிய ரப்பர்ப் பையின் பேரப்பிள்ளை அது. 1990-களில் அமெரிக்காவில் அது புது நுட்பத்தோடு வளர்ந்துகொண்டிருந்தது. அதே 1990-களில் எங்கள் அப்பத்தா திண்ணையில் நின்றுகொண்டிருந்தாள்.

நம் நாட்டில் அறிவு இல்லாமலா இருந்தது? 1948-லேயே சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் அந்த நோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். நம் ஜனங்கள் சோறு தின்கிற ஜனங்கள் என்பதை மறக்காமல், நார்ச்சத்து மிகுந்த நம் ஊர்ச் சாப்பாட்டையே மருந்தாக வகுத்துக் கொடுத்தவர் அவர். ஆனால் ராயபுரம் எங்கே, ராசிங்காபுரம் எங்கே? போடியில் புறப்பட்ட மீட்டர்கேஜ் ரயில் மதுரையோடு நின்றுகொண்டது. அறிவும் பெரும்பாலும் அங்கேயே இறங்கிக்கொண்டது. எங்கள் பக்கத்துக்கென்று தேனி மாவட்டம் பிரிந்ததே 1996-ல்தான்.

இன்று நிலைமை வேறு. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்றது அது. பணக்கார வியாதி என்ற பழைய பேச்சுக்கு இனி இடமில்லை. காய் பொறுக்குகிறவளுக்கும் உண்டு. காய் ஏலம் எடுக்கிறவருக்கும் உண்டு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அப்பத்தாவுக்கு வந்தது இதுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அளந்து பார்த்தவர் யாருமில்லை. உணவு நெஞ்சில் நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. புற்றுநோய் உண்டு, வாசல் வளையம் திறக்கவே மறுக்கிற வியாதி உண்டு, சர்க்கரைக்காரர் வாயிலும் குழாயிலும் படர்கிற காளான் நோய் உண்டு, அதற்கு நல்ல மருந்தும் உண்டு. சில மாத்திரைகளைத் தண்ணீரில்லாமல் படுத்தபடி விழுங்கினால், குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். ஆகவே, நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், சர்க்கரைதான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் டாக்டரிடம் போய், அடைப்பு ஏதுமில்லை என்று நிச்சயம் செய்துகொள்ளவேண்டும். எடை குறைந்தாலும், ரத்தம் வந்தாலும், நாளுக்கு நாள் அதிகமானாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சோதித்தாகிவிட்டது, அலைதான் பலவீனம் என்றால் என்ன செய்வது? அந்த மதுரை டாக்டரிடமே கேட்டேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். கெட்டதை அது முழுக்கத் திருப்பித் தராது, மேலும் கெடாமல் காக்கும் என்றார். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை உண்டு. அலையை எழுப்புகிற மருந்துகள் இரைப்பைக்கு உதவுகிற அளவு உணவுக்குழாய்க்கு உதவுவதில்லை. பிறகு அவர் விரல் விட்டு எண்ணினார். சின்னச் சின்னக் கவளமாக எடுக்கவேண்டும். நன்றாக மெல்லவேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. குனிந்து உட்காராமல் முதுகை நிமிர்த்திக்கொண்டு சாப்பிடவேண்டும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. அலை செய்யாத வேலையைப் பூமியின் இழுப்பு செய்யும் என்றார்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தூண் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒரு வாய் களி, ஒரு மடக்கு வெந்நீர், நிமிர்ந்து நிற்க ஒரு தூண். டாக்டர் சொன்னதில் எதை விட்டாள் அவள்? எழுத்து வாசனை அறியாத கிழவி, எக்ஸ்ரே இல்லாமல், வாத்து இல்லாமல், தன் நெஞ்சையே பரிசோதனைக் கூடமாக வைத்துக்கொண்டு தானே கண்டுபிடித்த வைத்தியம் அது. மாண்டல்ஸ்டாமும் லீபரும் எழுதியதை அவள் படிக்கவில்லை. படித்திருக்கவேண்டியவர்கள் மற்றவர்கள். அவளிடம் நாங்கள் படித்திருக்க வேண்டியது ஒரே ஒரு வரி: "எந்திரிச்சு நின்னாத்தான் எறங்குது." அதை நாங்கள் பிடிவாதம் என்று படித்தோம், தெரு அதை மருமகள் கொடுமை என்று படித்தது, சீட்டு எழுதியவர் மனசு என்று படித்தார்.

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஊருக்குப் போயிருந்தபோது, படித்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, "எனக்குத் தெரியாதேப்பா. தெருவுல பேசுனாங்கப்பா" என்றாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. நல்ல மருமகள் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தாள்; அவ்வளவுதான். தோளை அழுத்தியவை என் கைகள்.

உங்கள் வீட்டிலும் சர்க்கரையோடு ஒரு பெரியவர் இருக்கலாம். இல்லாத வீடு இந்தக் காலத்தில் எது? அவர் சாப்பாட்டின் நடுவில் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "நிக்குது" என்று சொன்னால், தயவுசெய்து நம்புங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தெரு எதுவும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பெரியவர் கும்பாவோடு எழுந்து தூணைத் தேடிப் போனால், நீங்களும் உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்று சாப்பிடுங்கள். 1994-ல் எனக்கு அது தோன்றவில்லை.